வேலையில்லாதவங்க 3.2 சதவீதம்தானா? எங்க வீட்டு ஆளுங்கள எந்தக் கணக்குல சேர்ப்பாங்க?

அரூர்ப் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கற கேள்வி இது, விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா சொன்னா உதவியா இருக்கும்.

மத்திய அரசு எடுக்கற பிஎல்எஃப்எஸ் சர்வே (யாருக்கு வேலை இருக்கு, யாருக்கு இல்லன்னு வீடு வீடா கேக்கறது) பத்தி பேப்பர்ல படிச்சேன். 2017-18ல வேலையின்மை 6 சதவீதம் இருந்துச்சாம், 2023-24ல 3.2 சதவீதமா கொறஞ்சிடுச்சாம். அதே ஆறு வருஷத்துல, 15 வயசுக்கு மேல இருக்கற பொம்பளைங்கல வேலைல இருக்கறவங்க, வேலை தேடறவங்க எல்லாம் சேர்த்து 23.3 சதவீதத்துல இருந்து 41.7 சதவீதத்துக்கு வந்துட்டாங்களாம். கிட்டத்தட்ட ரெட்டிப்பு. படிச்சுட்டு நானும் சந்தோஷப்பட்டேன், அப்புறம் ஊருக்குப் போனப்ப எங்க வீட்டையே ஒரு தடவ எண்ணிப் பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம்.

எங்களுக்கு அரூர் பக்கத்துல 2 ஏக்கர், மஞ்சளும் மரவள்ளியும் போடுவோம், 3 கறவை மாடு. அம்மா காலைல நாலரைக்கு எந்திரிச்சு சாணி வழிச்சு, பால் கறந்து, ஆறு மணிக்குள்ள சொசைட்டில ஊத்திட்டு வந்துதான் அடுப்பே பத்த வைக்கும். சாயங்காலம் மறுபடி அதே வேலை. நடுவுல தீவனம் அறுக்கும், மஞ்சளுக்குக் களை எடுக்கும். பால் பாஸ்புக் அப்பா பேர்ல. அம்மாவக் கேட்டா "நான் வீட்டுல சும்மாதான இருக்கேன்"னு சொல்லும்.

தம்பி பி.இ. மெக்கானிக்கல் 2021ல முடிச்சான். ஓசூர்ல ஒரு கம்பெனில ஒன்றரை வருஷம் கான்ட்ராக்ட்ல இருந்தான், அப்புறம் எடுத்துட்டாங்க. இப்ப டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்குப் படிக்கறான், பகல் பூரா லைப்ரரி, சாயங்காலம் வந்து மஞ்சளுக்குத் தண்ணி கட்டுவான்.

அண்ணி எம்.ஏ., பி.எட். பக்கத்துல ஒரு தனியார் ஸ்கூல்ல வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா டீச்சரா இருந்தாங்க, சின்னவன் பொறந்ததும் விட்டுட்டாங்க. இப்ப வீட்டுல ஒரு தையல் மெஷின், தெருவுல இருக்கறவங்களுக்கு ஜாக்கெட் தச்சுக் குடுக்கறாங்க. அண்ணன் பெங்களூர்ல கட்டட வேலை.

இதுல யாருக்கு வேலை இருக்கு, யாருக்கு இல்ல? என் கண்ணுக்கு தம்பிக்கும் அண்ணிக்கும் வேலை இல்ல, அம்மாவுக்கு ஓயாத வேலை. சர்வேக்காரங்க வந்தா என்ன எழுதுவாங்க?

---

பொருளியல் பேசுவோம் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. நான் கலைக்கல்லூரில பொருளாதாரம் நடத்தறேன், ஒவ்வொரு வருஷமும் பசங்க தடுக்கி விழற எடமே இதுதான். அதனால மெதுவா வர்றேன்.

மொதல்ல அந்த 3.2 எங்க இருந்து வருதுன்னு பாருங்க. 15 வயசுக்கு மேல 100 பேர எடுத்துக்கங்க. 2023-24 கணக்குப்படி அதுல 60 பேர்தான் உழைப்பாளர் பட்டியலுக்குள்ளயே வர்றாங்க, அதாவது வேலைல இருக்கறவங்களும் வேலை தேடறவங்களும் சேர்த்து 60.1. அதுல 58.2 பேருக்கு வேலை இருக்கு. மிச்சம் 1.9. அந்த 1.9ஐ 60.1ஆல வகுத்தா 3.2 சதவீதம். மீதி 40 பேர், படிக்கறவங்க, வீட்டு வேலை பாக்கறவங்க, வயசானவங்க, அப்புறம் தேடித்தேடி அலுத்துப்போய் தேடறதையே விட்டவங்க, இவங்க யாரும் வேலையில்லாதவங்கன்னு எண்ணப்பட மாட்டாங்க. "வேலை வேணும், கெடச்சா போறேன்"னு சொல்றவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பேரு.

அடுத்தது, "வேலை"ன்னா எதுன்னு ஒரு வரையறை வச்சிருக்காங்க. வழக்கமா தலைப்புச் செய்தில வர்ற கணக்கு ஒரு முழு வருஷத்தப் பாக்கும். போன 365 நாள்ல பெரும்பகுதி என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க, அது முதன்மை நிலை. அதோட நிக்காது, அந்த வருஷத்துல மொத்தமா ஒரு 30 நாளாவது எதாவது பொருளாதார வேலை செஞ்சிருந்தா அதையும் துணை நிலைன்னு எடுத்து, ரெண்டையும் சேர்த்துத்தான் ஒருத்தர் வேலைல இருக்காரா இல்லையான்னு முடிவு பண்றாங்க. சம்பளம் வாங்கியே ஆகணும்னு இல்ல, சொந்த வயல்ல காசில்லாம பாடுபட்டாலும் அது வேலைதான்.

இப்ப உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க தம்பி "வேலை தேடறேன்"னு சொன்னா முதன்மை நிலைல அவர் வேலையில்லாதவர். ஆனா வருஷத்துல 30 நாளுக்கு மேல மஞ்சளுக்குத் தண்ணி கட்டியிருக்காரே, அது குடும்ப விவசாயத்துல சம்பளமில்லாத உதவியாளர்ங்கற கணக்கு. ரெண்டையும் சேர்த்தா அவர் வேலைல இருக்கறவர் ஆயிடுவார். பி.இ. முடிச்சுட்டு லைப்ரரில உக்காந்து கஷ்டப்படற பையன் வேலையில்லாதவங்க பட்டியல்ல இருந்து அப்படியே வெளிய வந்துடுவார். இதுல தப்பான நோக்கம்னு எதுவும் இல்ல, ஆனா அந்த எண்ணை வச்சு "பசங்களுக்கு வேலை கெடச்சிடுச்சு"ன்னு யாராவது பேசினா அது தப்பு.

அம்மா சந்தேகமில்லாம உழைப்பாளி. பால் விக்கறதுக்கு மட்டுமில்ல, வீட்டுக்கு மட்டும் கறந்தாக்கூட மாடு வளர்க்கறது பொருளாதார வேலைதான். அண்ணி விஷயம் இன்னும் நுணுக்கம். காசு வாங்கிட்டு தெருவுல இருக்கறவங்களுக்குத் தச்சா சுயதொழில் செய்யறவங்க. அதே மெஷின்ல அதே கையால சொந்தப் பிள்ளைக்கு மட்டும் கவுன் தச்சா வீட்டு வேலை, உழைப்பாளர் பட்டியல்லயே வர மாட்டாங்க. சமையல், பாத்திரம், துணி, பிள்ளை வளர்ப்பு, மாமியாரப் பாத்துக்கறது எதுவுமே இந்தக் கணக்குல வேலை கெடையாது.

ஆக உங்க வீட்டுல அண்ணன், அப்பா, அம்மா, அண்ணி, தம்பி எல்லாருமே வேலைல இருக்கறவங்க. வேலையின்மை பூஜ்ஜியம்.

---

ஊர்சுத்தி பதில்:

சார் சொன்னது முழுக்க சரி. நான் கொஞ்ச காலம் இந்த மாதிரி சர்வேக்கு களப்பணியாளா போயிருக்கேன், கான்ட்ராக்ட் வேலைதான் (நானே எந்த நிலைல வருவேன்னு அப்பப்ப யோசிப்பேன்). அங்க வாசல்ல நிக்கறப்ப என்ன நடக்கும்னு சொல்றேன்.

நான் போன காலத்துல ஒரு ஊருக்குப் போனா மொதல்ல வீடுங்கள எல்லாம் பட்டியல் எடுப்போம், அப்புறம் அதுல இருந்து 8 வீடு தேர்ந்தெடுத்து உள்ள போய் உக்காந்து ஒவ்வொருத்தரப் பத்தியும் கேக்கணும். கையில டேப்லெட். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு நம்பர் போடணும். 11ன்னா சொந்தமா தொழில் பண்றவங்க, 21ன்னா குடும்பத் தொழில்ல சம்பளமில்லாம ஒத்தாசை, 31 சம்பள வேலை, 51 கூலி, 81 வேலை தேடறவங்க, 92 வீட்டு வேலை மட்டும், 93 வீட்டு வேலையோட வெறகு பொறுக்கறது, கீரை பறிக்கறது, வீட்டுக்குத் தைக்கறது எல்லாம்.

பெரும்பாலும் பதில் சொல்றது வீட்டு ஆம்பளை. ஒரு வீட்ல அப்படித்தான் பெரியவர் கட்டில்ல உக்காந்து எல்லாருக்கும் பதில் சொல்லிட்டே வந்தார். மகனுக்கு மில்லு வேலை, சரி. "உங்க சம்சாரம்?"னு கேட்டேன். "அது சும்மா வீட்டோட இருக்குதுங்க"ன்னார். அவர் சொன்னதை அப்படியே எடுத்தா 92 போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிரலாம், ரெண்டு நிமிஷம் மிச்சம். ஆனா அந்தம்மா அந்த நேரத்துல என் கண்ணு முன்னாடியே தலைல ஒரு கட்டு சோளத்தட்டையோட உள்ள வந்து, அதை மாட்டுத் தொட்டி பக்கத்துல போட்டுட்டு, முந்தானையில மூஞ்சியத் தொடச்சுட்டு "என்ன தம்பி, ரேஷன் கார்டு விசயமா?"ன்னாங்க. சர்வேன்னு சொல்லிட்டு அவங்ககிட்டயே நேரா கேட்டேன். மாடு எத்தன, யார் கறக்கறது, காட்டு வேலைக்குப் போவீங்களா, அறுவடைக்கு எத்தன நாள், நூறு நாள் வேலைக்குப் போனீங்களா. ஒவ்வொண்ணா சொன்னாங்க. நூறு நாள் வேலைக்கே ரெண்டு மாசத்துக்கு மேல போயிருக்காங்க. பெரியவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ஆமா, அதெல்லாமும் எழுதணுமா"ன்னார். 92 போட வேண்டிய எடத்துல 21 போட்டேன், துணை நிலைல நூறு நாள் வேலை.

அந்தம்மா வாழ்க்கைல அன்னிக்கு எதுவும் மாறல. கோடுதான் மாறுச்சு. எல்லா ஊர்லயும் எல்லா ஆளும் எத்தன துருவிக் கேக்கறாங்கங்கறதப் பொறுத்து இந்த 41.7ங்கற எண் கொஞ்சம் கூடும் கொஞ்சம் கொறையும். மொத்த ஏத்தமும் இதனாலன்னு நான் சொல்ல வரல, அது எனக்குத் தெரிஞ்ச எல்லைக்கு மேல. ஆனா வெயில்ல அலைஞ்சு ஒரு நாளைக்கு இத்தன வீடு முடிச்சே ஆகணும்னு இருக்கறப்ப, கட்டில்ல உக்காந்திருக்கறவர் சொல்றத எழுதிட்டு எந்திரிக்கத்தான் ஒடம்பு சொல்லும், அதைத்தான் சொல்றேன்.

---

நூலும் ஊசியும் பதில்:

தம்பி உங்க அண்ணி கதையப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில 11 வருஷம். மொதல்ல கைமடி, அப்புறம் செக்கிங், கடைசி அஞ்சு வருஷம் ஓவர்லாக் மெஷின். இங்க மணிக்கணக்கு பேச மாட்டோம், ஷிப்ட்டுதான், காலைல எட்டரைக்கு உள்ள போனா அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட்டு, எட்டு மணி வரைக்கும் நின்னா ஒன்றரை ஷிப்ட்டு, சரக்கு கப்பல்ல ஏத்தற தேதி நெருங்குச்சுன்னா அதுக்கும் மேல. சனிக்கிழமை ராத்திரி கவர் கையில வாங்கறப்ப வர்ற தெம்பு இருக்கே, அது வேற, அத நான் யார்கிட்டயும் வெளக்கிச் சொல்ல முடியாது.

பாப்பா பொறந்து பத்து மாசத்துல திரும்பிப் போனேன். பாத்துக்க ஆள் இல்ல. கம்பெனில குழந்தைங்க ரூம்னு ஒண்ணு போர்டு மாட்டி வச்சிருந்தாங்க, உள்ள அட்டைப்பெட்டிதான் அடுக்கி இருந்துச்சு. ஒரு மாசம் மாமியார், ஒரு மாசம் எங்க அம்மான்னு ஓட்டிப் பாத்தேன், முடியல, நின்னுட்டேன். இப்ப வீட்டுக்கே பீஸ் கொண்டு வந்து போடுவாங்க, நூல் வெட்டறது, பட்டன், எலாஸ்டிக். பீஸுக்கு இத்தனை பைசான்னு. சோறு பொங்கிட்டே, புள்ளைக்குப் பாடம் சொல்லிட்டே, ராத்திரி பதினொண்ணு வரைக்கும். பிஎஃப் இல்ல, இஎஸ்ஐ இல்ல, கையில ஊசி ஏறுனா நம்ம செலவு. கம்பெனில வாங்குனதுல பாதி வந்தாப் பெருசு.

இப்ப சார் சொல்றபடி பாத்தா நான் அன்னிக்கும் வேலைல இருந்தேன், இன்னிக்கும் வேலைல இருக்கேன். கணக்குல ஒரு மாத்தமும் இல்ல. எனக்குல்ல தெரியும் என்ன போச்சுன்னு.

இந்தியா பூரா ஃபேக்டரில வேலை செய்யற பொம்பளைங்கல பத்துக்கு நாலு பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்கன்னு சொல்றாங்க, பெருமையாத்தான் இருக்கு. திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிங்க எல்லாம் பொம்பளைங்க கையாலதான் ஓடுது. ஆனா வாசல்ல நின்னு பாருங்க, உள்ள போறதுல பாதிக்கு மேல சின்னப் பொண்ணுங்க. கல்யாணம் ஆயிட்டா, புள்ள பொறந்தா, எங்க போறாங்க? அரசாங்கம் தோழி விடுதி கட்டறது நல்ல விஷயம், தனியா வர்ற பொண்ணுங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல பாலவாடி, காலைல எட்டு மணிக்குத் தொறந்து ராத்திரி எட்டு வரைக்கும் இருக்கற மாதிரி. அது இருந்திருந்தா நான் இன்னும் ஓவர்லாக்ல உக்காந்திருப்பேன்.

---

சிறுவாடு பதில்:

எல்லாரும் சொல்றத மதிக்கறேன், ஆனா கொஞ்சம் மாத்தியும் பாக்கணும். நான் மகளிர் சுய உதவிக் குழுக்களோட பல வருஷமா வேலை செய்யறவ. கோடு மாத்தினதாலதான் ஏறுச்சு, எல்லாம் கஷ்டத்துல வந்த வேலைன்னு மொத்தமா தள்ளிடாதீங்க. ஊர்ல நெசமாவே மாறியிருக்கு.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க அம்மா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தண்ணிக்கும் வெறகுக்கும் அலைஞ்சாங்க. இன்னிக்கு எங்க தெருவுல வீட்டுக்கு வீடு குழாய், எல்லா அடுப்பும் கேஸ். 2016ல உஜ்வாலா வந்துச்சு, 2019ல ஜல் ஜீவன் வந்துச்சு, எல்லா ஊர்லயும் முழுசா வேலை செய்யுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா மிச்சமான நேரம் மிச்சமானதுதான். தமிழ்நாட்டுல 2021ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. எங்க குழுவுல ஒரு அக்கா முன்ன பஸ் காசு பாத்து வாரத்துக்கு ஒரு தடவதான் சந்தைக்கு கீரை எடுத்துட்டுப் போவாங்க, இப்ப தெனமும் போறாங்க. அந்தக் கீரைக் காசு அவங்க கையிலதான் இருக்கு, புருஷன்கிட்ட கணக்கு சொல்றதில்ல. இன்னொருத்தங்க வங்கிக் கடன்ல மாவு மெஷின் போட்டு இப்ப ரெண்டு பேருக்கு வேலை குடுக்கறாங்க.

இவங்கள எல்லாம் "சுயதொழில்"னு ஒரே கூடைல போட்டு, அது மோசமான வேலைன்னு சொல்றது எனக்கு வலிக்குது.

---

பொருளியல் பேசுவோம் பதில்:

சிறுவாடு அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு, அதுக்கு எண்ணுலயே ஆதாரமும் இருக்கு. அதே எண்ணுல திருப்பூர் அம்மா சொல்ற வலியும் இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

100 பொம்பளைங்கள எடுத்துக்கங்க, 15 வயசுக்கு மேல. 2017-18ல அதுல 22 பேர் வேலைல இருந்தாங்க. 2023-24ல 40 பேர். கூடுனது 18 பேர். இந்த 18 பேரும் எந்த மாதிரி வேலைக்கு வந்தாங்கன்னு நான் ஒரு தாள்ல பிரிச்சுப் பாத்தேன். மாசச் சம்பள வேலைல இருந்தவங்க அஞ்சு பேருக்குச் சித்த கம்மியா இருந்தாங்க, இப்ப ஆறு பேருக்குக் கொஞ்சம் மேல. கூலி வேலை ஆறு பேர், இப்ப ஏழு பேர் பக்கம். சுயதொழிலும் குடும்பத் தொழில்ல ஒத்தாசையும் சேர்த்து 11 பேரா இருந்தது 27 பேரா ஆயிடுச்சு. அதாவது புதுசா வந்த 18ல 16 பேர் வந்தது இந்தக் கதவு வழியாத்தான்.

அந்த சுயதொழில் கூடைக்குள்ள ரெண்டு வகை. வேலைல இருக்கற பொம்பளைங்கல, தானே சொந்தமா நடத்தறவங்க பங்கு சுமார் 20 சதவீதத்துல இருந்து 31 பக்கம் வந்திருக்கு. கீரை அக்காவும் மாவு மெஷின் அக்காவும் இங்கதான் இருக்காங்க, அதனாலதான் சிறுவாடு அம்மா பேச்ச ஒதுக்க முடியாது. சம்பளமில்லாத ஒத்தாசை 32 பக்கம் இருந்து 37 பக்கம் வந்திருக்கு, உங்க அம்மா அங்க. ஆனா தானே நடத்தறவங்கன்னு எழுதறதுலயும் எல்லாரும் மாவு மெஷின்காரங்க இல்ல, பீஸ் எடுத்துத் தைக்கற நூலும் ஊசியும் அம்மாவையும் அதுலதான் போடுவாங்க. யாரோட சரக்கு, யார் வெலை வைக்கறா, யார் தேதி குறிக்கறாங்கறது எதுவும் அவங்க கையில இல்ல, ஆனாலும் பட்டியல்ல அவங்க பேரு தொழில் நடத்தறவங்க.

இன்னொண்ணு, ஏத்தம் பெரும்பாலும் கிராமத்துல. கிராமத்துப் பொம்பளைங்க பங்கேற்பு (வேலைல இருக்கறவங்களும் தேடறவங்களும் சேர்த்து) 24.6 சதவீதத்துல இருந்து 47.6, நகரத்துல 20.4ல இருந்து 28.0 மட்டும். படிச்ச பொண்ணுங்க அதிகமா இருக்கற எடத்துல ஏத்தம் கம்மி, உங்க அண்ணிய நெனச்சுக்கங்க.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும், இல்லன்னா 23.3ங்கறது எப்பவும் அப்படியே இருந்த மாதிரி தோணும். 2004-05ல பழைய என்எஸ்எஸ் (தேசிய மாதிரி ஆய்வு) சர்வேல இதே எண் 42 சதவீதத்துக்கு மேல. 2011-12ல 31 பக்கம். 2017-18ல 23. அப்புறம் ஏறி 2023-24ல திரும்ப 41.7. ஒரு பெரிய பள்ளத்துல எறங்கி ஏறியிருக்கோம். எறங்குனதுக்கு நல்ல காரணமும் உண்டு, பொண்ணுங்க பள்ளிக்கூடம் காலேஜுன்னு போனாங்க. கெட்ட காரணமும் உண்டு. களை எடுக்கறது பொம்பளைங்க வேலை, களைக்கொல்லி மருந்து வந்துச்சு. நாத்து நடறது பொம்பளைங்க வேலை, நடவு மெஷின் வந்துச்சு. அறுப்புக்கு மெஷின் வந்துச்சு. மெஷின ஓட்டற வேலை ஆம்பளைங்களுக்குப் போச்சு. காட்டுல போன வேலைக்குப் பதிலா ஊருக்குப் பக்கத்துல வேற வேலை வரல, தூரமா வந்த வேலைக்கு அனுப்ப வீட்டுல மனசு வரல. ஒரு நாடு வளர வளர பொம்பளைங்க உழைப்பு மொதல்ல எறங்கி அப்புறம் ஏறும்னு பொருளாதாரத்துல ஒரு கருத்து உண்டு, இங்கிலீஷ் யு எழுத்து மாதிரி. அத ஆராய்ச்சி பண்ணின கிளாடியா கோல்டினுக்கு 2023ல நோபல் குடுத்தாங்க. ஆனா அந்த யுவோட ஏறுற பக்கம் படிச்ச பொண்ணுங்க ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல் வேலைக்குப் போறதால ஏறணும். நம்ம நாட்டுல ஏறியிருக்கறது பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்துலயும் வயல்லயும்.

விவசாயத்துல இருக்கறவங்க பங்கே அதச் சொல்லும். மொத்த உழைப்பாளர்கள்ல 2018-19ல 42.5 சதவீதம் பேர் விவசாயத்துல. 2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு, நடந்தே ஊருக்குத் திரும்புன ஜனங்கள மறந்திருக்க மாட்டோம். 2020-21ல அது 46.5 ஆச்சு. சரி, நோய்க்காலம், திரும்பிடுவாங்கன்னு நெனச்சோம். 2023-24லயும் 46.1. வளர்ற நாட்டுல ஜனங்க வயல்ல இருந்து வெளிய போகணும்னுதான் எல்லா நாட்டு வரலாறும் காட்டுது, இங்க உள்ள வந்தவங்க அங்கயே நிக்கறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கற எண் இதுதான்.

---

அரூர்ப் பையன் பதில்:

சார், அக்காங்களே, ஊர்சுத்தி அண்ணா, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு தடவ படிச்சேன்.

ஒரே ஒரு சந்தேகம். இப்ப 2025ல இருந்து மாசாமாசம் வேலையின்மைக் கணக்கு வருதே, ஏப்ரல் 2025க்கு 5.1 சதவீதம்னு போட்டாங்க. 3.2 எப்படி 5.1 ஆச்சு? நெலமை கெட்டுப்போச்சா?

---

பொருளியல் பேசுவோம் பதில்:

இல்ல, அளவுகோல் வேற. மாசக் கணக்கு போன 7 நாள மட்டும் பாக்கும். அந்த ஏழு நாள்ல எதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சிருந்தா வேலைல இருக்கறவர், செய்யாம, தேடிட்டோ வேலைக்குத் தயாராவோ இருந்தா வேலையில்லாதவர். வருஷத்துல எப்பவோ செஞ்ச 30 நாள் இதுல காப்பாத்தாது. அதனால இந்த எண் எப்பவும் கொஞ்சம் மேலதான் நிக்கும். 3.2ஐயும் 5.1ஐயும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது, மாசக் கணக்க மாசக் கணக்கோடதான் வைக்கணும்.

உங்க தம்பி மாதிரி பசங்களுக்கு மொத்த சராசரியே பொருந்தாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்ல ஒரு அறிக்கை விட்டாங்க. 2022 நெலவரப்படி 15ல இருந்து 29 வயசுக்குள்ள, எழுதப் படிக்கத் தெரியாதவங்க நடுவுல வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிங்க நடுவுல 29.1 சதவீதம். ஏழை வீட்டுப் பையன் வேலையில்லாம இருக்க முடியாது, மறுநாளே எதாவது சுமக்கப் போயிடுவான். நெலத்தையும் மாட்டையும் வச்சு அப்பா அம்மா சோறு போடறதாலதான் தம்பியால காத்துட்டிருக்க முடியுது. தம்பி காத்திருக்கறதுக்கான செலவ உங்க அம்மாதான் நாலரை மணிக்கு எந்திரிச்சு குடுத்துட்டு இருக்காங்க.

---

நூலும் ஊசியும் பதில்:

சார் கடைசியா எழுதுனதப் படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு.

நேரப் பயன்பாட்டு சர்வேன்னு ஒண்ணு இருக்குல்ல, 2024ல எடுத்தது. வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், செய்யற ஆம்பளைங்க 88 நிமிஷம் அதுக்கு செலவு பண்றாங்கன்னு எங்க சங்கத்துல ஒரு அக்கா படிச்சுக் காட்டுனாங்க. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அதுக்கு மேலதான் மாடு, வயல், பீஸ் எல்லாம். தம்பி, அண்ணிக்கு டீச்சர் வேலை திரும்பக் கெடைக்கணும்னா மொதல்ல அந்த அஞ்சு மணி நேரத்துல யாராவது பங்கு எடுக்கணும். கோவிச்சுக்காதீங்க, அக்கா மாதிரி சொல்றேன்.

---

ஊர்சுத்தி பதில்:

தம்பி உங்க ஊருக்கு யாராவது டேப்லெட் எடுத்துட்டு வந்தா, அப்பாவ விட்டுட்டு அம்மாவையே பேசச் சொல்லுங்க. அவங்க "சும்மாதான் இருக்கேன்"னு ஆரம்பிச்சாலும் கூட இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க.

---

அரூர்ப் பையன் பதில்:

கோவம் எதுவும் இல்லக்கா. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். நானும் நாலரைக்கு எந்திரிச்சு அம்மா கூடவே போனேன். சாணி வழிக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, அம்மா இருபது நிமிஷத்துல முடிக்கும். சொசைட்டில பால் ஊத்தறப்ப அந்த அண்ணன் டிகிரி பாத்துட்டு நோட்டுல அப்பா பேருக்கு நேரா எழுதுனார். "இதுக்கு அம்மாவ மெம்பரா போட முடியுமா"ன்னு கேட்டேன். "ஊத்தறது அவங்கதான, தாராளமா, ஃபாரம் இந்தா"ன்னார், பங்குத் தொகை சொற்பம்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பாஸ்புக்கத் திருப்பித் திருப்பிப் பாத்தார், அப்புறம் "ஆதார் காப்பி ஒண்ணு எடுத்துட்டு வா"ன்னார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டு பல வருஷம் ஆச்சாம், தம்பியோட டிஎன்பிஎஸ்சி நோட்டுக் கடைசிப் பக்கத்துல நாலு தடவ எழுதிப் பாத்துட்டுத்தான் ஃபாரத்துல போட்டுச்சு.

அண்ணி பத்தி அண்ணன்கிட்ட போன்ல பேசியிருக்கேன். ஜூன்ல சின்னவன அங்கன்வாடில சேத்துடுவோம், அதுக்குள்ள பக்கத்துல எந்த ஸ்கூல்ல எடம் இருக்குன்னு விசாரிச்சுட்டு இருக்கேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.ஏ. தமிழ், பி.எட்.க்கு எங்கயாவது எடம் இருக்கறது தெரிஞ்சா யாராவது இங்கயே சொல்லுங்க.